‘ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டியா?’: வீட்டுக்குள் வந்த கண்காணிப்பின் வரலாறு

டி.பி. மாத்திரை வாங்கப் போகிறவர்கள் தவறாமல் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: ‘ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டியா?’ இதில் மருத்துவம் ‘மாத்திரை’ என்ற சொல்லோடு முடிந்துவிடுகிறது. மீதியெல்லாம் அதிகாரம், ‘ஒழுங்கு’ என்ற சொல்லிலும் இருக்கிறது, ஒருமை விகுதியிலும் இருக்கிறது. கடந்த எழுபது ஆண்டுகளில் இதைக் கேட்கும் கருவிகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. மூத்திரக் குப்பி, திடீர் வீட்டுச் சோதனை, ஃபிலிம் வைத்த மருந்துப் பெட்டி, இப்போது செல்போன். கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. ‘நோயாளியின் பங்கேற்பு’ என்றும் ‘தொலைவிலிருந்து வீட்டுக் கண்காணிப்பு’ என்றும் ஆய்வுலகம் இன்று உற்சாகமாகப் பேசும் விஷயத்துக்கு ஒரு முன்வரலாறு இருக்கிறது. அதன் முக்கியமான அத்தியாயம் எழுதப்பட்ட இடம் சென்னை, சேத்துப்பட்டு.

மருந்துகள் வருவதற்கு முன் காசநோய்க்கு வைத்தியம் என்றால் ஓய்வு, நல்ல காற்று, சத்தான சாப்பாடு. அதாவது சானடோரியம். 1928இல் டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம் இன்றைக்கு ஒரு ரயில் நிலையத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. ஊரிலிருந்து விலக்கி, சுவருக்குள் வைத்துப் பார்ப்பதுதான் அந்த வைத்தியத்தின் அடிப்படை. ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கைக்குக் கட்டில்கள் ஒருபோதும் போதவில்லை. 1952இல் ஐசோனியசிட் என்ற மலிவான மருந்து வந்ததும் ஒரு புதிய கேள்வி சாத்தியமாயிற்று: மாத்திரையைக் கொடுத்து வீட்டிலேயே குணப்படுத்த முடியாதா?

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மதராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு மையத்தைத் தொடங்கின. நகரத்து ஏழை நோயாளிகள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பாதிப் பேருக்கு சானடோரியம். மறு பாதிப் பேருக்கு அவரவர் வீடு. இரு தரப்புக்கும் ஓராண்டுக்கு ஐசோனியசிட்டும் பி.ஏ.எஸ்ஸும். முடிவுகள் 1959இல் வெளியாயின. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், ஓய்வெடுத்தார்கள், எடையும் கூடினார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு நெருக்கடியான குடியிருப்பு, குறைந்த சாப்பாடு. இருந்தும் குணமடைவதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டிலிருந்த மற்றவர்களுக்கு நோய் தொற்றும் அபாயமும் அதனால் கூடிவிடவில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வும் ஒரு முக்கியக் காரணம். இதன் விடுதலைத் தன்மையை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. குடும்பத்திலிருந்து பிய்த்தெடுக்கப்படாமலே ஒருவர் குணமாக முடியும் என்று நிரூபித்த ஆய்வு இது.

ஆனால் இந்த விடுதலைக்கு ஒரு விலை இருந்தது. சுவருக்குள் இருப்பவர் மருந்து சாப்பிடுவதை நர்ஸ் பார்த்துக்கொள்வார். வீட்டில் யார் பார்ப்பது? ஆகவே மையத்தின் ஊழியர்கள் வீடுகளுக்குப் போனார்கள், முன்னறிவிப்பு இல்லாமலும் போனார்கள். மீதி மாத்திரைகளை எண்ணினார்கள். மூத்திரத்தை வாங்கிச் சோதித்தார்கள். மருந்து உள்ளே போயிருந்தால் மூத்திரம் சொல்லிவிடும். நோயாளி வாயால் சொல்வதைவிட அது நம்பகமான சாட்சி. சென்னையில் பணியாற்றிய பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ், நோயாளி தானே மருந்தெடுத்துக்கொள்வதை ஒரு ‘பிரச்சினை’யாக வைத்து 1958இல் தனிக் கட்டுரையே எழுதினார். 1964இல் அதே மையம், வாரம் இருமுறை நோயாளியை வரவழைத்துக் கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறையின் முடிவுகளை வெளியிட்டது.

இந்த இடத்தில் ஃபூக்கோவை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியாது. 1975இல் வெளியான ‘கண்காணிப்பும் தண்டனையும்’ நூலில் அவர் விவரிக்கும் பிளேக் நகரத்தில் ஒவ்வொருவரும் தன் வீட்டுக்குள் அடைபட்டிருப்பார்; அதிகாரி பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஜன்னலில் வந்து முகம் காட்ட வேண்டும். வீடே கண்காணிப்பின் அலகாகிறது. எனினும் ஃபூக்கோவோடு மட்டும் நின்றுவிட்டால் நாம் சுலபமாகத் தப்பித்துவிடுவோம். மருந்தை இடையில் விட்டால் கிருமி மருந்துக்கு மசியாததாக மாறலாம்; அது அடுத்தவருக்கும் தொற்றலாம். அந்தக் கவலை நிஜமானது. ஆக, கவனிக்க வேண்டியது வேறு. ‘சாப்பிட்டானா?’ என்று கண்டுபிடிக்க இத்தனை வழிமுறைகள் உருவாயின. ‘ஏன் சாப்பிடல?’ என்பதற்கு அவற்றில் இடமே இல்லை. பி.ஏ.எஸ். நாள்தோறும் பல கிராம் விழுங்க வேண்டிய, குமட்டலும் வயிற்றுப்போக்கும் தரும் மருந்து. வெறும் வயிற்றில் அதைப் போட்டுக்கொண்டு கூலி வேலைக்குப் போவது எப்படி என்று மூத்திரம் சொல்லாது.

1960களில் அமெரிக்காவில் தாமஸ் மோல்டிங் என்ற மருத்துவர் ஒரு மருந்துப் பெட்டியை உருவாக்கினார். அதில் கொஞ்சம் கதிரியக்கப் பொருளும் ஒரு ஃபோட்டோ ஃபிலிமும் இருக்கும். மாத்திரை எடுக்க எடுக்க அந்த ஒழுங்கு ஃபிலிமில் பதியும். பிறகு அதைக் கழுவிப் பார்த்தால் எந்த நாள் எடுக்கவில்லை என்பது தெரியும். தொலைக் கண்காணிப்பின் தாத்தா என்று இதைச் சொல்லலாம். 1993இல் உலக சுகாதார நிறுவனம் காசநோயை உலகளாவிய நெருக்கடியாக அறிவித்தது. கண்ணெதிரே மருந்து கொடுக்கும் ‘டாட்ஸ்’ திட்டம் இந்தியாவில் 1997இல் முறையாகத் தொடங்கி 2006இல் நாடு முழுவதும் பரவியது. அந்தத் திட்டத்தின் மொழியைப் பாருங்கள்: பரிசோதனைக்கு வந்தவர் ‘சஸ்பெக்ட்’, மருந்தை விட்டவர் ‘டிஃபால்டர்’. ஒன்று போலீஸ் ஸ்டேஷன் வார்த்தை, மற்றது வட்டிக் கடை வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் இவற்றைக் கைவிட 2013 ஆயிற்று.

அடுத்து வந்தது ‘99டாட்ஸ்’. மாத்திரையைப் பிதுக்கி எடுத்தால்தான் அட்டைக்குப் பின்னால் மறைந்திருக்கும் போன் நம்பர் தெரியும். அந்தக் கட்டணமில்லா எண்ணுக்கு அழைத்தால் அன்றைய மாத்திரை ‘சாப்பிட்டதாக’க் கணினியில் பதிவாகும். தினமும் ஆஸ்பத்திரிக்கு அலைவது மிச்சம், அந்தவகையில் நல்லதுதான். ஆனால் வீட்டுக்கு ஒரு போன், அதுவும் வீட்டுக்காரர் கையில் என்றால்? போன் பண்ணிவிட்டு மாத்திரையைத் தூக்கிப் போட்டால்? மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டுப் போன் பண்ண மறந்தால்? தமிழ்நாட்டிலும் மும்பையிலும் இதைச் சோதித்த ஓர் ஆய்வு 2020இல் வெளியானது. கணினிப் பதிவு அவ்வளவு நம்பகமாக இல்லை என்றது. எதை வைத்துச் சோதித்தார்கள் தெரியுமா? மூத்திரத்தை வைத்து. அறுபது வருஷம் சுற்றி சேத்துப்பட்டுக் குப்பிக்கே திரும்பி வந்திருக்கிறோம்.

இனி இதற்கு எதிர்த்திசையில் நடந்த கதை. 1969இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற பொறியாளர், சிறுவயதிலிருந்தே சர்க்கரை நோயாளி, ரத்தச் சர்க்கரையை அளக்கும் ஒரு கருவியைப் பற்றிக் கேள்விப்பட்டார். அது மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மட்டுமே விற்கப்பட்டது. அவர் மனைவி மருத்துவர். அவர் பெயரில் வாங்கினார்கள். ஒரு நாளைக்குப் பல தடவை அளந்து, இன்சுலினையும் சாப்பாட்டையும் தானே மாற்றி மாற்றிப் பார்த்து உடம்பைச் சீர்ப்படுத்திக்கொண்டார். இதை எழுதி அனுப்பியபோது மருத்துவ இதழ்கள் திருப்பி அனுப்பின. கேட்க ஆளில்லை என்றானதும் நாற்பது வயதுக்கு மேல் மருத்துவம் படித்து டாக்டரானார். இன்றைக்கு நம் வீடுகளில் கிடக்கும் குளுக்கோமீட்டருக்குப் பின்னால் இந்த அத்துமீறலும் இருக்கிறது. இங்கேயும் வீடு, கருவி, எண்கள். ஆனால் எண்ணைப் பார்ப்பவரும் முடிவெடுப்பவரும் ஒரே ஆள்.

அதே 1969இல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்தார். மேல் படியில் மக்களின் கட்டுப்பாடு. கீழ்ப் படிகள் இரண்டும் பங்கேற்பே அல்ல என்றார். கடைசிப் படி ‘சூழ்ச்சிக் கையாளல்’. அதற்கு மேலுள்ள படிக்கு அவர் வைத்த பெயர், ‘சிகிச்சை’! பங்கேற்பு என்ற பெயரில் ஆட்களைத் திருத்துவதைத்தான் அப்படிச் சொன்னார். தினமும் போன் செய்து தன் கீழ்ப்படிதலைத் தானே பதிவு செய்பவர் இந்த ஏணியில் எங்கே நிற்கிறார்? 1983இல் டென்வரில் கூடிய எய்ட்ஸ் நோயாளிகள், ‘பலியானவர்கள்’ என்று தங்களைக் கூப்பிடக் கூடாது, முடிவெடுக்கும் ஒவ்வொரு மட்டத்திலும் தாங்கள் இருக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். அவர்கள் கேட்டது மேல் படியை.

‘சாப்பிட்டியா?’ என்பது நம்மூரில் அன்பாகக் கேட்கும் கேள்வி. ‘மாத்திரை’யை நடுவில் செருகியதும் அது விசாரணையாகிவிட்டது. காசநோயாளிக்குச் சாப்பாட்டுக்கென மாதம் 500 ரூபாய் தரும் திட்டம் 2018இல்தான் வந்தது. 2024இல் அது 1,000 ரூபாயானது. மாத்திரையை எண்ணத் தொடங்கி அறுபதாண்டுகளுக்குப் பிறகுதான் அரசு தட்டை எட்டிப் பார்த்தது. ஆகவே நோயாளியின் பங்கேற்பு என்று யார் பேசினாலும் நாம் மூன்றைக் கேட்க வேண்டும். எதை அளப்பது என்று தீர்மானித்த கூட்டத்தில் நோயாளி இருந்தாரா? அளந்த எண் அவர் கைக்கு வருகிறதா, மேலே மட்டும் போகிறதா? ‘இந்த மருந்து எனக்கு ஒத்துக்கல’ என்று அவர் சொன்னால் அதைப் பதிவு செய்ய அந்தக் கருவியில் ஒரு பொத்தானாவது இருக்கிறதா? இல்லையென்றால் அங்கே நடப்பது வருகைப் பதிவு மட்டும்தான்.