இணையத்தில் விலைபோன யானைத் தந்தம்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். அந்த இரண்டாவது ஆயிரம்தான் யானைக்கு எமனாக வந்தது!

1989-ல் சைட்டிஸ் ஒப்பந்த நாடுகள் கூடி, தந்தத்தை நாடு விட்டு நாடு விற்பதற்குத் தடை விதித்தன. உள்நாட்டு விற்பனையை அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கே விட்டுவிட்டன. அதனால் அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் பழைய தந்தத்தை விற்பது குற்றமாகவில்லை.

இணையம் வந்ததும் இந்த ஓட்டை பெரிதானது. வெறும் புகைப்படத்தைப் பார்த்து, அது தாத்தா காலத்துத் தந்தமா, போன வருடம் கொன்ற யானையினுடையதா என்று எப்படிச் சொல்வது?

2008-ல் விலங்கு நலனுக்கான சர்வதேச நிதியம் 11 நாடுகளின் இணையதளங்களை ஆராய்ந்தது. அருகிவரும் விலங்குகளை வைத்து நடந்த 7,122 விற்பனை விளம்பரங்கள் சிக்கின. அதில் 73 சதவீதம் யானை சார்ந்தவை! பெரும்பாலானவை ஈபே தளத்தில் இருந்தன.

அதே ஆண்டு ஈபே தடையை அறிவித்து, 2009 முதல் அமல்படுத்தியது. சிறிதளவே தந்தம் உள்ள சில பழம்பொருட்களுக்கு மட்டும் விலக்கு. சட்டம் அனுமதித்ததைக்கூட ஒரு நிறுவனம் மறுத்தது. அரசுகள் பிறகுதான் விழித்தன: அமெரிக்கா 2016, சீனா 2017, பிரிட்டன் 2018.

விற்பவர்கள் சும்மா இருந்தார்களா? 'மாட்டு எலும்பு' என்று பெயரை மாற்றித் தந்தத்தை விற்றார்கள். அது என்னவென்று வாங்கியவர்களுக்கும் தெரியும்.

சட்டம் விற்பவரைத்தான் துரத்துகிறது. வாங்குபவரின் மனசாட்சியை யார் துரத்துவது?