துப்பறியும் படங்களும் சீன வேடமும்

ஒரு கலையில் ஓர் இனத்தார் பெற்ற இடத்தை ஆராய்வோர், அவ்வினத்துப் பாத்திரங்களை எண்ணிக் கணக்கிடும் அளவில் பெரும்பாலும் அமைந்துவிடுகின்றனர். அக்கணக்கு மட்டும் போதாது என்பதை அமெரிக்கத் துப்பறியும் திரைப்படங்களின் வரலாறு தெளிவுறுத்துகிறது. 1926 முதல் 1949 வரை வெளிவந்த சார்லி சான் படங்களை முதன்மையாகக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

ஏர்ல் டெர் பிக்கர்ஸ் என்பார் 1925-இல் எழுதிய நாவலில், ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலு நகரக் காவல் துறையைச் சேர்ந்த சீனத் துப்பறிவாளராகச் சான் தோன்றினார். சீனத் தொழிலாளர் அமெரிக்காவில் குடியேறுவதைத் தடுத்த 1882-ஆம் ஆண்டுச் சட்டம் அன்று நடைமுறையில் இருந்தது. 1943-இல்தான் அது நீக்கப்பட்டது. கதைகளிலும் படங்களிலும் சீனர் பெரும்பாலும் கொடியவராகவோ ஏவலராகவோ காட்டப்பட்ட காலம் அது. அக்காலத்தே, அறிவும் பொறுமையும் வாய்ந்த காவல் அதிகாரியாக ஒரு சீனரைப் படைத்தது புதுமையே என்பதில் ஐயமில்லை.

இனி, அப்பாத்திரத்தை ஏற்று நடித்தவர் யாவர் என்பதை நோக்குவோம். 1926-இல் வெளிவந்த தொடர்படத்தில் ஜப்பானியரான ஜார்ஜ் குவா நடித்தார். 1929-இல் வெளிவந்த 'பிஹைண்ட் தட் கர்ட்டன்' என்னும் படத்தில் ஆசிய மரபினரான ஈ. எல். பார்க் நடித்தார். இவ்விரண்டிலும் சானுக்குரிய இடம் மிகச் சிறிது. 1931-இல் பாக்ஸ் நிறுவனம் தொடங்கிய படவரிசையிலோ சான் தலைமைப் பாத்திரமாக உயர்ந்தார். அப்பொழுது அவ்வேடம் சுவீடனில் பிறந்த வார்னர் ஓலண்டிடம் சென்றது. அவர் 16 படங்களில் சானாக நடித்தார். அவருக்குப்பின் சிட்னி டோலரும் ரோலண்ட் வின்டர்சும் அவ்வேடம் பூண்டனர். மூவரும் ஐரோப்பிய மரபினர். பாத்திரம் சிறிதாயிருந்தவரை ஆசியரிடம் இருந்தது. பெரிதானதும் அவரைவிட்டு நீங்கியது. 1929-இல் பூ மான்சு என்னும் சீனக் கொடியவனாக நடித்தவரும் இதே ஓலண்ட் என்பது கருதத்தக்கது.

1935 முதல் சானின் மூத்த மகனாக நடித்தவர் கீ லூக். அவர் சீனாவில் பிறந்தவர். மகன் ஆர்வத்தால் தவறுவதும் தந்தை உண்மையைக் காண்பதும் இப்படங்களின் மரபு. எனவே, பிழை சீன நடிகருக்கும், தெளிவு வேடமிட்டவருக்கும் உரியவாயின.

1936-இல் ஓலண்ட் ஷாங்காய் சென்றபோது சீனமக்கள் அவரை உவந்து வரவேற்றனரே எனச் சிலர் வினவலாம். அவ்வரவேற்பு உண்மையே. ஆயினும், பூ மான்சு போன்ற உருவங்களையே கண்டவர் ஒரு நல்ல உருவத்தைக் கண்டு மகிழ்வது இயல்பு. அவ்வேடத்தைத் தம்மவர் ஏற்கலாகாது என்பதற்கு அம்மகிழ்ச்சி இசைவாகாது.

தகுதியான நடிகர் கிடைத்திலர் என்னும் விடையும் பொருந்தாது. 1937-இல் வெளிவந்த 'டாட்டர் ஆவ் ஷாங்காய்' படத்தில், அன்னா மே வாங், பிலிப் ஆன் என்னும் ஆசிய மரபினர் இருவரே குற்றத்தைத் துலக்கும் தலைமக்களாயினர். மோனோகிராம் நிறுவனத்தின் 'மிஸ்டர் வாங்' வரிசையில் ஆங்கிலேயரான போரிஸ் கார்லாப் 5 படங்களில் சீனத் துப்பறிவாளராக நடித்தார். 1940-இல் ஆறாம் படமான 'பாண்டம் ஆவ் சைனாடவுன்' கீ லூக்கிற்குக் கிடைத்தது. அப்படத்தோடு அவ்வரிசை முடிவுற்றது.

துப்பறியும் கதையில் வினவும் உரிமை உடையவனே அதிகாரம் உடையவன். பிறர் அனைவரும் அவனுக்கு விடையிறுப்போர். ஆதலின், ஓர் இனத்தார் திரையில் தோன்றினரா என்பதோடு, வினவும் இடத்தில் நின்றவர் எவர், அவ்வுருவைத் தாங்கியவர் எவர் என்பனவற்றையும் ஆராய்தல் வேண்டும். பாத்திரங்களை மட்டும் எண்ணினால் சான் படங்கள் சீனர்க்குப் பேரிடம் அளித்தனவாகத் தோன்றும். நடித்தவரையும் சேர்த்து நோக்கினால், அவ்விடம் பெயரளவில் அளிக்கப்பட்டு, பயனளவில் மறுக்கப்பட்டது என்பது புலனாகும்.