கொசு இல்லாத பாட்டு

பரீட்சை நெருங்கினாத்தான் எனக்குப் பதிவு எழுதத் தோணும். என்ன வியாதியோ :-)

போன வாரம் இங்க சிரக்யூஸ்ல (நியூயார்க் மாநிலம்தான், ஆனா பனி கொட்டுற மூலை) ஒரு தொடக்கப்பள்ளிக்கு உதவிக்குப் போயிருந்தேன். நாலாம் வகுப்பு. வரலாற்றுப் பாடத்துக்குப் பிள்ளைங்களே நாட்டுப்பாட்டு கட்டணுமாம். தலைப்பு, ஈரி கால்வாய்.

நான் தினமும் பஸ்ஸில் போற ஈரி பூல்வார்ட், அந்தக் கால்வாயைத் தூர்த்து அதுமேல போட்ட ரோடுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. 1817-ல் தோண்ட ஆரம்பிச்சு 1825-ல் திறந்திருக்காங்க. ஆல்பனியிலிருந்து பஃபலோ வரை 363 மைல். ஆழம் 4 அடிதான். கவர்னர் கிளிண்டன் பேரைச் சொல்லி 'கிளிண்டனோட பள்ளம்'னு ஊரே கேலி பண்ணுச்சாம்.

இந்தக் கால்வாயைப் பத்தி எல்லாப் பிள்ளைக்கும் ஒரு பாட்டு தெரியும். படகு இழுக்கிற கோவேறு கழுதையைக் கொஞ்சுற பாட்டு. பாட்டன் பூட்டன் காலத்துதுன்னு நினைச்சேன். கிடையாது. தாமஸ் ஆலன்னு ஒரு பாடலாசிரியர் எழுதி, 1913-ல் அச்சில் வந்தது. கழுதை போய் எஞ்சின் வந்துக்கிட்டிருந்த நேரம். பழசை நினைச்சு உருகி எழுதியிருக்கார். அவர் 'வருஷம்'னு எழுதினது ஜனங்க வாயில 'மைல்' ஆயிடுச்சு. அந்த வகையில அது நாட்டுப்பாட்டு ஆயிடுச்சுன்னு சொல்லலாம். ஆனா அதுல கழுதைக்குப் பேர் இருக்கு, தோண்டினவனைப் பத்திப் பேச்சே இல்ல. எங்க அப்பாயி நடவுல பாடினதெல்லாம் சேத்துல நின்ன காலோட பாட்டு. இது வேற ஜாதி.

டீச்சரும் அதைத்தான் பிடிச்சாங்க. கழுதை வேணாம், தோண்டினவங்களைப் பாடுங்கன்னுட்டாங்க.

ஒரு பையன் மான்டசூமா சதுப்பு நிலத்தை எடுத்துக்கிட்டான். 1819-ல் அங்க தோண்டினவங்க நூத்துக்கணக்குல காய்ச்சல்ல விழுந்தாங்க. பெரும்பாலும் மலேரியா. கொசு கடிச்சுது, காய்ச்சல் வந்துச்சுன்னு எதுகை எல்லாம் போட்டு ஜோரா எழுதியிருந்தான். டீச்சர் கேட்டாங்க:

"இதைப் பாடுறது யாரு?"

"தோண்டுற ஆளு."

"கொசுவாலதான் காய்ச்சல்னு அவனுக்குத் தெரியுமா?"

பையன் முழிச்சான். நானும்தான். அந்தக் காலத்துல சதுப்பு நிலத்துக் கெட்ட காத்துதான் காரணம்னு நம்பினாங்க. கொசுவுக்குள்ள மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் பார்த்தது 1897-ல், அதுவும் நம்ம செகந்திராபாத்துல. இந்த ஒரு விஷயத்தை மட்டும் நான் எழுந்து சொன்னேன், கொஞ்சம் பெருமையாத்தான். பையன் என்னை முறைச்சான். பாவம், அவன் எதுகை போச்சு.

அரைமணி நேரம் ரப்பரால தேய்ச்சதுல காகிதமே கிழிஞ்சுடுச்சு. கடைசியில எழுதினது ரெண்டே வரி. சேறு மூச்சு விடுது, எனக்குக் குளிருது. பக்கத்துல தோண்டினவன் இன்னிக்கு வரல.

இன்னும் ராகம் போடல. வெள்ளிக்கிழமை பாடறாங்க. சனிக்கிழமை எனக்குப் பரீட்சை. இருக்கட்டும், போகத்தான் போறேன்.