தேவபெலத்தைச் சார்ந்த ஊழியம்

மனிதத் திறமையையோ அரசின் ஆதரவையோ நம்பாமல், கடவுள் தரும் பெலத்தால் திருப்பணி செய்யும் கிறிஸ்தவக் கோட்பாடு. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 12ஆம் அதிகாரம் இதற்கு அடிப்படை: ஊழியனின் பலவீனத்தில்தான் கிறிஸ்துவின் வல்லமை விளங்கும்.

காவிரிக் கழிமுகத்தில் இதற்குத் தெளிவான சான்று, நாகூருக்கு வடக்கே காரைக்காலைத் தாண்டியுள்ள தரங்கம்பாடி. ஜெர்மானியரான பர்த்தலோமேயு சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று சக மிஷனரி புளுட்சோவுடன் இங்கு வந்தார். அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக். ஆனால் அவருடைய ஆளுநர் ஹாசியசே ஊழியத்துக்குத் தடையாக நின்றார். 1708 நவம்பரில் சீகன்பால்குவை டேன்ஸ்போர்க் கோட்டையில் அடைத்தார். வெப்பம் மிகுந்த அறையில் நான்கு மாதத் தனிமை. இளமை முதலே நோயாளியான உடல். அதற்குச் சற்று முன் தொடங்கியிருந்த தமிழ்ப் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு நின்றுபோனது.

விடுதலையானதும் அதையே மீண்டும் கையில் எடுத்தார். மொழிபெயர்ப்பு 1711இல் முடிந்தது. தரங்கம்பாடி அச்சகத்தில் 1715இல் நூலாகி வெளிவந்தது. இந்திய மொழிகளில் அச்சேறிய முதல் புதிய ஏற்பாடு இதுவே. அரசரின் ஆணை காக்காத வேலையை ஜெபமும் விடாமுயற்சியும் காத்தன என்பதே இவ்வரலாற்றின் சாரம். இக்கோட்பாடு உழைப்பை விலக்குவதில்லை: சீகன்பால்கு தமிழ்ப் பிள்ளைகளோடு திண்ணைப் பள்ளியில் அமர்ந்து மணலில் எழுத்துப் பழகியவர்.

இப்பணி தமிழர் கைக்கும் வந்தது. கடலூரில் பிறந்த ஆரோன் 1733இல் முதல் தமிழ் லுத்தரன் போதகராக அபிஷேகம் பெற்றார். சீகன்பால்கு 1719 பிப்ரவரி 23 அன்று, 36 வயதில் காலமானார். தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.