கடனில் முளைத்த புல்வெளிகள்

ஜப்பானில் கோல்ஃப் ஆட்டத்தின் வரலாறு நிலத்தின் வரலாறும் ஆகும். ஆர்தர் குரூம் என்னும் ஆங்கிலேய வணிகர் 1903இல் கோபே நகரை ஒட்டிய ரொக்கோ மலையில் நாட்டின் முதல் கோல்ஃப் சங்கத்தை நிறுவினார். 1957இல் தொரகிச்சி நகமுரா, கோயிச்சி ஓனோ இணை சொந்த மண்ணிலேயே கனடா கோப்பையை வென்றது. அதன்பின் செல்வர்களின் ஆட்டம் அலுவலக ஊழியர்களின் கனவாயிற்று.

அக்கனவுக்கான முதலீடு உறுப்பினர்களின் வைப்புத்தொகையிலிருந்து வந்தது. வட்டியின்றிப் பெற்று, பெரும்பாலும் பத்தாண்டுகள் கழித்துத் திருப்பித் தரவேண்டிய பணம் அது. அதைக்கொண்டு மலைகளை வெட்டித் திடல்கள் அமைத்தனர். உறுப்பினர் உரிமை பங்குப் பத்திரம்போலக் கைமாறியது. ஆடுவதற்கு வாங்கியவர்களோடு, விலை ஏறும் என்று வாங்கியவர்களும் பெருகினர். 1987ஆம் ஆண்டின் ஓய்விடச் சட்டம் இந்த வேகத்தைக் கூட்டியது. புல்லுக்குத் தெளிக்கும் பூச்சிமருந்து குடிநீரில் கலக்கிறது என்று பல ஊர்களில் மக்கள் போராடினர்.

1990களின் தொடக்கத்தில் பொருளாதாரக் குமிழி உடைந்தது. ஆட்டக்காரர்களின் தொகை சரியத் தொடங்கியது. முன்பே அனுமதி பெற்ற திடல்களோ தொடர்ந்து திறக்கப்பட்டன. எண்ணிக்கை ஏறத்தாழ 2,400ஐ எட்டியது. வைப்புத்தொகையைத் திருப்பித் தரும் தவணை வந்தபோது சங்கங்கள் பல திவாலாயின. கோல்ட்மேன் சாக்ஸ், லோன் ஸ்டார் ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் அவற்றில் பலவற்றை வாங்கின.

2011இன் ஃபுகுஷிமா விபத்துக்குப்பின், 2012இல் சூரிய மின்சாரத்திற்கு அரசு நிலையான கொள்முதல் விலை அளித்தது. கைவிடப்பட்ட திடல்கள் சிலவற்றில் சூரியத் தகடுகள் எழுந்தன. உறுப்பினர்கள் தம் பணத்தைக் கேட்க நீதிமன்றம் செல்ல முடிந்தது. வெட்டப்பட்ட காட்டைத் திருப்பிக் கேட்க மலையடிவாரத்து ஊர்களின் கையில் எந்தப் பத்திரமும் இருக்கவில்லை.