வெள்ளியும் மையும்

கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தின் சௌந்தரியம் அவ்விரு நிறங்களுக்கும் நடுவே விரிந்துகிடக்கும் சாம்பல் நிறங்களில் இருக்கிறது. இருட்டறையிலே அது தானாகவே கிட்டியது. காகிதத்தின் ஜெலட்டின் பூச்சிலுள்ள வெள்ளி உப்பு, என்லார்ஜரின் ஒளி பட்ட அளவுக்கேற்ப டெவலப்பரில் உலோக வெள்ளியாகிக் கறுக்க, மிஞ்சிய உப்பை ஹைப்போ என்னும் ரசாயனம் கரைத்துவிடும். சிரமமெல்லாம் ஒளியை ஆளுவதில்தான். புகைப்படக் கலைஞர் ஆன்ஸல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்ஸிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தில் எடுத்த சந்திரோதயப் படத்தைப் பல்லாண்டுக் காலம் திரும்பத் திரும்ப அச்சிட்டபோது, பிரதிக்குப் பிரதி ஒளியின் குறுக்கே அட்டையை அசைத்து, ஓரிடத்தை மறைத்தும் ஓரிடத்தைக் கூடுதலாகக் கறுக்கவிட்டும் உழைக்க வேண்டியிருந்தபடியால், முற்காலப் பிரதிகளில் வெளிறித் தோன்றும் வானம் பிற்காலத்தவற்றில் நள்ளிரவாக இருண்டிருக்கிறது.

மையைத் தெளித்து அச்சிடும் இங்க்ஜெட் இந்தக் கலைக்குள் நுழைந்தது தற்செயலாகத்தான். பாடகர் கிரஹாம் நாஷ், தாம் எடுத்த புகைப்படங்களின் நெகடிவ்கள் தொலைந்துபோனமையால், 1990-இல் தோக்கியோவில் நடக்கவிருந்த கண்காட்சிக்குப் பெரிய பிரதிகள் எடுக்க வழியறியாது நின்ற சமயம், அச்சகங்களில் வண்ண மாதிரி பார்ப்பதற்கென்று செய்யப்பட்ட ஐரிஸ் 3047 என்னும் இங்க்ஜெட் இயந்திரம் கைகொடுத்தது. பின்னர் கலிபோர்னியாவில் மேக் ஹோல்பர்ட்டுடன் சேர்ந்து அவர் தொடங்கிய நாஷ் எடிஷன்ஸ் பட்டறையில், தடித்த ஓவியக் காகிதம் உள்ளே போகவேண்டும் என்பதற்காக, 1,26,000 டாலர் விலையுள்ள அந்த இயந்திரத்தின் மை தெளிக்கும் தலைகளில் ஒரு பகுதியை ரம்பத்தால் அறுத்தார்கள். உத்தரவாதம் அத்தோடு போயிற்று. (வாடகை இயந்திரமாயிருந்தால் இந்தத் துணிவு வந்திராது.)

ஆயினும் சாம்பல் எளிதில் வசப்படவில்லை. வண்ண மைகளைக் கலந்து வருவித்த சாம்பல், ஒரு விளக்கின் கீழ்ப் பச்சை தட்டியும் வேறொரு வெளிச்சத்தில் செம்மை ஓடியும் காட்சியளித்தது. ஆரம்ப காலத்துச் சாய மைகளோ வெளிச்சம் பட்டு மங்கின. வெர்மான்ட்டைச் சேர்ந்த ஜான் கோன், வண்ணங்களையே அறவே விலக்கி, வெவ்வேறு அடர்த்தியுள்ள கறுப்பு மைகளை மாத்திரம் நிரப்பும் பியாசோகிராஃபி முறையை 2000-இல் வெளியிட்டார். 2005-இல் எப்ஸன் மூன்று கறுப்பு மைகள் கொண்ட பிரிண்டர்களைக் கொண்டுவந்தது. அவ்வாண்டிலேயே கோடக் தன் கறுப்பு வெள்ளைக் காகித உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. நாஷின் ஐரிஸும் அதே ஆண்டில் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

கறுப்பின் ஆழத்திலோ ஆயுளிலோ இன்றைய இங்க்ஜெட்டைக் குறை சொல்வது நியாயமல்ல என்பது என் அபிப்பிராயம். கம்ப்யூட்டர் திரையில் ஒரு தடவை திருத்தியானதும் நூறாவது பிரதியும் முதற்பிரதியைப் போலவே வருகிறது. மறுபடி உழைக்க அவசியமில்லாதவனுக்கு, ஆடம்ஸைப் போல் மனம் மாறவும் சந்தர்ப்பம் குறைவு. இருட்டறையை விடமாட்டாத சிலர் வேறொரு உபாயம் கண்டிருக்கிறார்கள்: இங்க்ஜெட்டைக் கொண்டு ஒளி ஊடுருவும் பிலிமில் பெரிய நெகடிவை அச்சிட்டு, பிளாட்டினம், இரும்பு உப்புகள் பூசிய காகிதத்தின்மேல் அதை இறுகப் பொருத்தி வெயிலில் வைத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டு முறைப்படியே படம் எடுக்கிறார்கள்.