மீனுக்கு எதற்கு விளக்கு?

மனிதன் தனக்காக ஏற்றிய விளக்கைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். மீனுக்காக அவன் ஏற்றிய விளக்கைப் பற்றி யாரும் அதிகமாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கவலைப்படத் தகுந்த விஷயந்தான் என்பதற்கு ஓசூரே சாட்சி. தொழிற்பேட்டையில் ஷிப்டு முறையில் வேலை பார்க்கும் குடும்பங்களில், கூடத்து அலமாரியின் மேல் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. தொட்டி வந்த மறு வாரமே, அதற்கு எல்.இ.டி. விளக்கு வாங்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். "ஆற்று மீனுக்கு யார் விளக்கு வைத்தார்கள்?" என்று தகப்பனார் திருப்பிக் கேட்கிறார். அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பிள்ளைகள் ஆசையிலும் தப்பில்லை. இரண்டுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்ல, மின்சார வாரியத்தின் கணக்கு மட்டும் போதாது. கொஞ்சம் சரித்திரமும் வேண்டும்.

நீர்ச்செடி வெயிலில் பிராணவாயுவை வெளியிடுகிறது, இருட்டில் வெளியிடுவதில்லை என்று 1779-இல் எழுதி வைத்தவர் இங்கன்ஹவுஸ் என்ற டச்சுக்கார வைத்தியர். எழுபது ஆண்டுகள் கழித்து, லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர் அந்த உண்மையை ஒரு தொட்டிக்குள் கொண்டுவந்தார். தங்க மீன், நீர்ச்செடி, நத்தை ஆகிய மூன்றையும் ஒரே நீரில் விட்டு, ஒன்றை ஒன்று காப்பாற்றிக்கொண்டு வாழ முடியும் என்று 1850-இல் அறிவித்தார். 1853-இல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் பொதுமக்களுக்கான மீன் வீடு திறக்கப்பட்டது. அதற்குப் பெருந்துணையாக நின்ற பிலிப் ஹென்றி காஸ் அடுத்த ஆண்டு எழுதிய புத்தகத்தால், 'அக்வேரியம்' என்ற சொல்லே ஊரெல்லாம் பரவிற்று. கண்ணாடித் தொட்டி என்பது சீமை வீடுகளில் ஒரு மோகமாகிவிட்டது.

அப்போது இருந்த விளக்கு ஒன்றே ஒன்றுதான்; சூரியன். கட்டணம் கிடையாது, பழுதும் கிடையாது. ஆயினும் தொல்லை இருந்தது. ஜன்னலோரம் வைத்த தொட்டிகள் சில வாரங்களிலேயே பச்சைக் குழம்பாக மாறின. செடியை வளர்க்கிற வெளிச்சம் பாசியையும் வளர்க்கும் அல்லவா? வெளிச்சத்துக்கு ஓரவஞ்சனை தெரியாது.

இந்தத் தொல்லைக்கு மாற்றுக் கண்டுபிடித்தவர் வில்லியம் ஆல்போர்டு லாயிட் என்பவர். 1871-இல் லண்டனுக்கு அருகே கிரிஸ்டல் பாலஸில் அவர் அமைத்த மீன் காட்சியகத்தில், பார்வைக்கு வைத்த தொட்டிகளைக் காட்டிலும் பெரிய நீர்த்தேக்கம் ஒன்று தரைக்கு அடியில் இருட்டில் இருந்தது. தொட்டி நீர் அந்த இருட்டுக்குள் இறங்கி, ஓய்வெடுத்து, மறுபடி மேலே ஏறி வந்தது. பாசி பிடிக்கவில்லை. மீன் வளர்ப்புக் கலையின் முதல் பெரிய வெற்றி விளக்கினால் கிடைத்ததல்ல, இருட்டினால் கிடைத்தது. இதை வாசகர்கள் மனத்தில் முடிந்து வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் கணக்குப் பார்க்கும்போது உதவும்.

நம் நாட்டிலும் இந்த ஆசை நேற்று வந்ததல்ல. சென்னைக் கடற்கரையில் 1909-இல் ஒரு மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. சென்னை அரசாங்கப் பொருட்காட்சி சாலைக்குத் தலைவராக இருந்து, தென்னாட்டு ஜாதிகளைப் பற்றிப் பெரும் தொகுதிகள் எழுதிய எட்கர் தர்ஸ்டன்தான் அதற்கு மூலகர்த்தர். பிறகு அது மீன் வளத் துறையின் கைக்கு மாறி, இரண்டாவது உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது.

மீன்தொட்டி சாமானியர் வீட்டுக்கு வர வேண்டுமானால், முதலில் மின்சாரம் வர வேண்டும். அதில்தான் ஓசூர்ச் சீமையின் கதை வேடிக்கையானது. காவிரி நீரில் சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்தது 1902-இல். அந்த யோசனையை வளர்த்தவர், மைசூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்த, தமிழ் பேசும் சேஷாத்ரி ஐயர். எடுத்த மின்சாரம் 92 மைல் தூரம் கம்பியில் ஓடிக் கோலார் தங்க வயலுக்குப் போயிற்று. பூமிக்கடியில் தங்கம் வெட்டிய தமிழ்த் தொழிலாளிக்கு நேரே மேலே மின்சார யந்திரம் சுழன்றது. 1905-இல் பெங்களூர் வீதிகளிலும் மின்விளக்கு எரிந்தது. ஓசூரிலிருந்து பெங்களூர் 40 கிலோமீட்டர்தான். கோலார் தங்க வயலும் நெடுந்தூரமில்லை. ஆனால் ஓசூர் அன்று சென்னை ராஜதானியின் சேலம் ஜில்லா. எல்லைக்கு அப்பால் வெளிச்சம், இப்பால் அரிக்கேன் விளக்கு! மேட்டூர் அணை கட்டி முடிந்தது 1934-இல்தான். சேலம் ஜில்லாவின் சொந்த மின்சாரம் அதற்குப் பிறகே பிறந்தது.

பின்னால் காலம் வட்டியோடு திருப்பிக் கொடுத்தது. 1970-களில் சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. 1980-இல் அசோக் லேலண்டு லாரியும், டி.வி.எஸ். மொபெட்டும், 1987-இல் டைட்டன் கடிகாரமும் இங்கிருந்து புறப்பட்டன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசிய சந்தை ஊரில், ஆலைச் சங்கு ஊதிற்று. மாதச் சம்பளம் வந்தது; வாடகை வீடு வந்தது; கூடத்தில் தொலைக்காட்சியும், அதன் பக்கத்தில் மீன்தொட்டியும் வந்தன. சென்னைக் கொளத்தூரில் பெருக்கிய அலங்கார மீன்கள் பிளாஸ்டிக் பையில் காற்று அடைத்துப் பயணம் செய்து வந்தன.

முதலில் தொட்டியின் மேல் தொங்கியது பழைய குண்டு பல்பு. அது வாங்கும் மின்சாரத்தில் நூற்றில் ஐந்து பங்கைத்தான் வெளிச்சமாக்கும், மிச்சமெல்லாம் சூடு. அப்புறம், 1938-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த குழல் விளக்கு, பல ஆண்டுகள் கழித்து நம் தொட்டிகளுக்கும் வந்து சேர்ந்தது. சோக்கு, ஸ்டார்ட்டர் என்ற பரிவாரங்களோடு அது ரொம்ப நாள் ஆட்சி செய்தது.

எல்.இ.டி. என்னும் ஒளியுமிழ் டையோடு வேறு ஜாதி. இழை எரிவதில்லை, ஒரு சிறு படிகத்துக்குள் மின்சாரம் பாயும்போதே ஒளி பிறக்கிறது. நிக் ஹோலன்யாக் 1962-இல் சிவப்பு ஒளியைக் காட்டிவிட்டார். ஆனால் நீல ஒளி முப்பது ஆண்டுகள் அகப்படாமல் போக்குக் காட்டிற்று. நீலம் கிடைத்தால்தான் அதன் மேல் மஞ்சள் பொடி பூசி வெள்ளை ஒளி எடுக்கலாம். அகாசாகி, அமானோ, நகாமுரா என்ற மூன்று ஜப்பானியர் அதைச் சாதித்தார்கள். 2014-இல் நோபல் பரிசும் பெற்றார்கள். ஒரு கம்பெனியில் சம்பளத்துக்கு இருந்த நகாமுராவுக்கு, இந்தக் கண்டுபிடிப்புக்காக முதலில் கிடைத்த சன்மானம் 20,000 யென். அவர் பிறகு நியாயஸ்தலத்துக்குப் போனார். 2005-இல் ஏற்பட்ட சமரசத்தில் 84 கோடி யென் கிடைத்தது. ஷிப்டுக்குப் போகும் ஓசூர்த் தொழிலாளிக்கு இந்தக் கதை எளிதில் விளங்கும்.

விலையும் இறங்கிற்று. 2014-இன் தொடக்கத்தில் இந்திய அரசாங்கத்தின் நிறுவனம் ஓர் எல்.இ.டி. பல்பைச் சுமார் 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்தது. 2016-இல் அதே நிறுவனம் கொடுத்த விலை சுமார் 38 ரூபாய். வீட்டு விளக்குக்கு இந்த மலிவு. தொட்டி விளக்கு என்று பெயர் மாற்றி, கண்ணாடி விளிம்பில் பொருந்தக் கால் வைத்துவிட்டால் விலை ஏறிவிடும். ஏன் ஏறுகிறது, ஏறிய விலை தகுமா என்பதே இப்போது கேள்வி.

கணக்குப் பார்ப்போம். இரண்டடிக் குழல் விளக்கு, சோக்கு உட்பட ஏறக்குறைய 30 வாட் இழுக்கும். அதே வெளிச்சத்துக்கு எல்.இ.டி. 10 வாட் போதும். மிச்சம் 20 வாட். நாளைக்கு 8 மணி நேரம் எரித்தால், ஆண்டுக்கு 58 யூனிட் மிச்சம். யூனிட் 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 290 ரூபாய். விளக்கு 1,000 ரூபாய் என்றால், போட்ட பணம் திரும்ப மூன்றரை ஆண்டு. 500 ரூபாய் என்றால் இரண்டு ஆண்டுக்குள். 25,000 மணி நேரம் உழைக்கும் என்று பெட்டியில் அச்சடித்தது உண்மையானால் எட்டு ஆண்டுக்கு மேல் வரும். ஆனால் மலிவு விளக்கில் படிகம் சாவதில்லை. அதற்கு மின்சாரம் அளந்து கொடுக்கும் சிறு பெட்டிதான் தொட்டி ஈரத்தில் முன்னதாகவே சாகிறது. ஆகையால் உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று கேட்டு வாங்குவதே புத்திசாலித்தனம்.

இன்னொரு விஷயம். 2016-இல் தமிழ்நாட்டு அரசு, வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று ஆணையிட்டது. அந்த 100-க்குள் அடங்கிவிடும் சிறு குடும்பத்துக்கு, விளக்கை மாற்றுவதால் பட்டியலில் ஒரு பைசாக்கூடக் குறையாது. மிச்சம் அவர்களுக்கல்ல, வாரியத்துக்கு!

மூன்றாவது விஷயம் ஓசூருக்கே உரியது. ஓசூர் கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழிக் குளிரில் சென்னை மீனுக்கு இங்கே நடுக்கம் எடுக்கும். பழைய குண்டு பல்பு விரயமாக்கிய சூடு, தெரிந்தோ தெரியாமலோ, அந்த மீனைக் காப்பாற்றி வந்தது. எல்.இ.டி. சிக்கனமானது, தண்ணீருக்குச் சூடு கொடுக்காது. பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. வைத்தவர் தண்ணீரைச் சூடாக்கத் தனிக் கருவி வாங்க வேண்டியிருக்கும். 100 வாட் கருவி ஒன்று மூன்று மாதம், இரவுக்கு 8 மணி நேரம் ஓடினால் 72 யூனிட். மேலே சொன்ன 58 யூனிட் மிச்சத்தை அது ஒரே குளிர்காலத்தில் விழுங்கிவிடும். குளிர் நீரைத் தாங்கும் தங்க மீனை வளர்த்தால் இந்தச் செலவே இல்லை. மலிவான விளக்கைத் தேடுவதற்கு முன்னால், ஊருக்கு ஏற்ற மீனைத் தேடுவது மேல்.

செடி வளர்ப்பவர் விவகாரம் வேறு. தொட்டி அடியில் புல்வெளி போலப் பரப்ப விரும்புகிறவருக்கு, ஆழம் வரை இறங்கும் பலமான வெளிச்சம் தேவை. சிவப்பும் நீலமும் சரியான அளவில் கலந்த விலையுயர்ந்த எல்.இ.டி. அவருக்குத் தகும். குழல் விளக்கு எரிந்துகொண்டே வலுவிழக்கும். செடிக்காரர்கள் அதை ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டியிருந்தது. அந்தச் செலவு எல்.இ.டி.யில் மிச்சம். வெறும் மீன் மட்டும் வைத்திருப்பவர் அந்த விலை கொடுத்தால், அவர் வாங்குவது பாசியை. மீனுக்கு இமை கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்திலிருந்து தப்பிக்க அதற்கு வழியில்லை. நாளில் 8 மணி நேரம் போதும். பாக்கி நேரம் இருட்டு வேண்டும். லாயிட் 1871-இல் கண்டது இன்றும் பொய்யாகவில்லை.

2012-இல் தமிழ்நாடு பட்ட மின்வெட்டுத் துன்பம் பலருக்கு நினைவிருக்கும். அன்று இருட்டினால் மீன் சாகவில்லை. காற்றுக் குழாய் நின்றதனால்தான் செத்தது. ஆகவே வரிசை இப்படி: முதலில் காற்று, பிறகு நீரை வடிகட்டும் கருவி, அப்புறம் விளக்கு. முதல் இரண்டும் மீனுக்காக. மூன்றாவது பெரும்பாலும் நமக்காக. நமக்காக என்று தெரிந்து வாங்கினால் அதில் குற்றம் ஒன்றுமில்லை. இரவு ஷிப்டு முடிந்து வந்தவர், ஒரு சிறு நீல வெளிச்சத்தில் மீன் நீந்துவதைப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டுத் தூங்கப் போவாரானால், 500 ரூபாய் வீண் என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் சொல்ல முடியாது.

இந்த நியாயத்தைத் தொட்டிக்கு வெளியேயும் ஒரு முறை வைத்துப் பார்க்கலாம். நந்தி மலையில் பிறந்து ஓசூருக்கு வரும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவுகளைச் சுமந்துகொண்டு வருகிறது. கெலவரப்பள்ளி அணையிலிருந்து வெளியேறும் நீர், சில சமயம் பனிமலை போல வெள்ளை நுரையைக் கக்குவதைப் படம் எடுத்துப் பத்திரிகைகள் போட்டிருக்கின்றன. அதே ஆறுதான் கீழே போய்க் கிருஷ்ணகிரி அணையை நிரப்புகிறது. அங்கே மீன் பிடித்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆற்றுக்கு நல்ல வெயில் இருக்கிறது, கட்டணமில்லாத விளக்கு. நல்ல தண்ணீர்தான் இல்லை. வீட்டுத் தொட்டியில் வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றக் கற்றுக்கொண்ட பிள்ளை, பெரியவனாகி அந்த அணைக்கரையில் நின்று ஒரு கேள்வி கேட்பானானால், தகப்பனார் விளக்குக்குக் கொடுத்த காசு அன்றைக்குத்தான் முழுக்க வசூலாகும்.